பின்வாசல் வழியே அளந்தவள்

மூடியின் விளிம்பில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து ஒரு நெம்பு. மூடி எழுந்து வந்தது. உள்ளே ஒரு படை எறும்பு, வாலறுந்த பல்லி ஒன்று, போன மழையின் சேறு. "நகருங்க, நகருங்க, அரசாங்க வேலை" என்று எறும்புகளிடம் சொல்லிவிட்டு, மீட்டர்க் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்து, குனிந்து, "நாலு, ஏழு, ஒண்ணு, மூணு, ரெண்டு" என்று தெருக்கோடி வரை கேட்கிற குரலில் படித்தாள் மீட்டரக்கா. படித்த பிறகுதான் நோட்டில் எழுதினாள்.

தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்கள் யாரும் இப்படி ஏலம் போடுகிற மாதிரி படிப்பதில்லை. கேட்டால் காரணம் தயாராக வைத்திருக்கிறாள். "நாளைக்கு எவனும் 'நீ தப்பா எழுதிட்டே'ன்னு ஆபீசுக்கு வரக்கூடாது பாருங்க. நான் கண்ணால பார்த்ததை அவங்க காதால கேட்டுட்டாங்க. தீர்ந்துச்சு." ஒரு நாளைக்கு நூற்றிருபது வீடு. எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டாள். தோளில் தன்னுடைய பாட்டில் தொங்கும். "அவங்க தண்ணியைக் குடிச்சுட்டு அவங்க மீட்டரையே படிச்சா அது நல்லாவா இருக்கு?" என்பாள். வெயிலில் நாக்கு வறண்டு போனாலும் இந்தக் கொள்கையில் விட்டுக்கொடுப்பது கிடையாது.

பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் மீட்டர் மூடியின் மேலேயே காரை நிறுத்திவிடுவார்கள். மற்றவர்கள் போன மாத எண்ணைப் பார்த்து ஒரு குத்துமதிப்பாக எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அக்கா போக மாட்டாள். காருக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "நீங்க மெதுவா சாப்பிட்டுக் குளிச்சு வாங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. இன்னிக்கு உங்க வாசல்தான் என் ஆபீசு." அரைமணி நேரத்துக்கு மேல் எந்தக் காரும் தாக்குப்பிடித்ததில்லை.

ஆக, அவள் பெயர் மீட்டரக்கா என்றே ஆகிவிட்டது. வீட்டில் புருஷன்கூட "மீட்டரு, சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறான். கோபம் வந்தால் முகத்தில் தெரியாது, நடையில் தெரியும். அந்தச் சமயத்தில் அவளோடு நடக்கிறவர்கள் ஓடத்தான் வேண்டும்.

புருஷன் நேர் எதிர். வாயில்லாப் பூச்சி. அவர்கள் இருக்கும் சந்துக்குப் பின்புறம், கால்வாயைத் தாண்டினால் ஒரு பெரிய தனியார் பள்ளிக்கூடம். அதன் பின்கேட்டில் பதினோரு வருஷமாக அவன்தான் வாட்ச்மேன். அந்தக் கேட்டின் இரண்டு கதவுகளையும் குப்பை லாரிக்கு மட்டும்தான் திறப்பார்கள். மனிதர்களுக்குக் கதவுக்குள் ஒரு குட்டிக் கதவு உண்டு, தலையைக் குனிந்துதான் நுழைய வேண்டும். பெருக்குகிற பெண்கள், கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள், தோட்டக்காரர் எல்லோரும் அந்த வழி. பிள்ளைகள், பெற்றோர், டீச்சர்கள் எல்லோரும் மெயின் ரோட்டைப் பார்த்த முன்கேட்டு வழி. அவன் ஒரு நாளும் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியவனில்லை. மேனேஜர் "டேய்" என்றால்கூட "சார்" என்று எழுந்து நிற்பான்.

இந்த இரண்டு பேருக்கும் ஒரே மகள். அஞ்சாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், சந்து முனையில் இருக்கிற அரசாங்கப் பள்ளியில். அது அஞ்சாவதோடு முடிந்துவிடும். ஆறாவதுக்கு ரயில் பாதையைத் தாண்டி இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். அம்மா விடியற்காலையில் மீட்டர் பார்க்கக் கிளம்பிவிடுகிறாள், அப்பா அதற்கு முன்னாலேயே கேட்டில் நிற்கிறான். பத்து வயதுப் பெண்ணைத் தனியாக இரண்டு பஸ் ஏற்றிவிட அக்காவுக்கு மனசில்லை.

தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசாங்கமே கட்டணம் கட்டுகிற திட்டம் ஒன்று ஏற்கெனவே உண்டு. ஆனால் அது ஒண்ணாம் வகுப்பில் சேருகிறவர்களுக்கு மட்டும். அதிலும் அரசாங்க வேலையில் இருப்பவர் யாராவது வீட்டில் இருந்தால் கிடையாது. மகளை ஒண்ணாவதில் சேர்க்கப் போனபோது அந்த ஒரு வரியைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார்கள். "அரசாங்க வேலையாம்! எறும்புக்கடி வாங்குறதுக்குப் பேரு அரசாங்க வேலை" என்று அன்றைக்கு வீடு வரை புலம்பிக்கொண்டே வந்தாள். இந்த வருஷம் விதி மாறியது. ஆறாம் வகுப்புக்கும் உண்டு, கடைநிலை அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் உண்டு. தண்ணீர் ஆபீஸ் கிளார்க் சுற்றறிக்கையை வாசித்துக் காட்டியபோது, "இன்னொரு தடவை படிங்க சார்" என்றாள். மூன்று தடவை படிக்க வைத்தாள். பிறகு அன்றைய வேலை முடிந்ததும் சந்தில் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். பதினோரு பிள்ளைகளுக்கு மனு போனது.

பதினொன்றும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் ஒரே காரணம். நடந்து போகும் வழியில் வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், இவர்கள் வீடு ஒன்றரைக்கு மேல்.

அக்கா நேராகப் பள்ளி ஆபீசுக்குப் போய் மேனேஜர் முன்னால் நின்றாள்.

"சார், என் வீட்டுக்காரர் உங்க பின்கேட்டுலதான் நிக்கிறாரு. வீட்டுல செருப்பை மாட்டினா பத்து நிமிஷத்துல இங்க இருப்பாரு. அது எப்படி சார் ஒன்றரை கிலோமீட்டரு?"

"அது பின்கேட்டும்மா. நாங்க முன்கேட்டைத்தான் எடுத்துக்குவோம். மெயின் ரோட்டைச் சுத்தி வந்தா ஒன்றரை."

"விதியில முன்கேட்டுன்னு போட்டிருக்கா?"

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "இத பாரும்மா. போன வருஷம் வரைக்கும் ரெண்டு பேரு, மூணு பேரு வந்தாங்க, சேர்த்துக்கிட்டோம். அதுக்கே கவர்மென்ட் பணம் வர ஒரு வருஷம் ஆகுது. இப்ப உங்க ஒரு சந்துல இருந்து மட்டும் பதினோரு பேரு. நான் ஸ்கூல் நடத்துறதா, என்ன பண்றது?"

"அந்தக் கஷ்டத்தை கவர்மென்ட்டுகிட்ட சொல்லுங்க சார், நியாயந்தான். அதுக்காக எங்க சந்தைத் தூக்கி அரை கிலோமீட்டர் தள்ளி வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அன்றைக்கு அவள் நடந்த நடையில் தெருநாய்கள்கூட ஒதுங்கிக்கொண்டன.

வீட்டில் புருஷன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். விஷயம் அதற்குள் பின்கேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாரு. 'உன் பொண்டாட்டியா'ன்னு."

"என்ன சொன்னே? இல்லேன்னுட்டியா?"

"வேணாம் மீட்டரு. என்னைத் தூக்கிடுவாங்கடி."

"தூக்கட்டும்யா. தூக்கினவன் எங்கயாவது இறக்கி வச்சுத்தானே ஆகணும்?"

"உனக்கு எல்லாம் வெளாட்டு. பதினோரு வருஷம்டி." அவன் குரல் உடைந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. பயந்தாங்கொள்ளி என்று சொல்ல வந்தவள் வாயை மூடிக்கொண்டாள். இந்தப் பதினோரு வருஷத்தில் வீட்டு வாடகை ஒரு மாதம்கூடத் தள்ளிப் போகாததற்கு அந்தப் பயமும் ஒரு காரணம் என்று அவளுக்குத் தெரியும்.

எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்தும் வந்தது. சந்து முனைப் பள்ளியின் அஞ்சாம் வகுப்பு டீச்சர், அக்கா மிகவும் மதிக்கிறவள், குழாயடியில் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே இப்படிப் பண்ணலாமா அக்கா? நம்ம ஸ்கூலை எட்டாவது வரைக்கும் ஆக்குங்கன்னு ஆறு வருஷமா எழுதிட்டு இருக்கேன். பணமில்லைங்கிறாங்க. அந்தப் பணத்தைத் தூக்கி அங்க குடுக்கிறாங்க. நீங்களும் போய் வரிசையில நிக்கிறீங்க."

அக்கா குடத்தைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்றது சரியான சண்டை டீச்சர். எப்ப போடுறீங்க, சொல்லுங்க, முன்னாடி வந்து நிக்கிறேன். ஆனா அது முடியற வரைக்கும் என் பொண்ணு அஞ்சாவதுலயே உக்காந்திருக்க முடியாதே."

அன்று சாயங்காலம் மேல்முறையீட்டு மனுவை எழுதிக் கொடுத்ததும் அதே டீச்சர்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே, ஒரு பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

மனுவுக்கு அளவு வேண்டுமே. குழாய் பதிக்கிற பள்ளத்தை அளப்பதற்குத் தண்ணீர் ஆபீசில் ஒரு சக்கரம் உண்டு. நீளக் கம்பியின் நுனியில் சக்கரம், தள்ளிக்கொண்டே போனால் மேலே இருக்கும் பெட்டியில் மீட்டர் கணக்கு ஓடும். அதை எழுதிக் கொடுத்து வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தள்ளினாள். சந்தே பின்னால் போனது. கால்வாய்ப் பாலம், பட்டறைகளுக்கு நடுவே போகிற மண்பாதை, மதிலோரம், பின்கேட்டு. "ஒன்பது நாலு ஒண்ணு!" என்று வழக்கமான குரலில் படித்தாள். தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். கேட்டுக்கு உள்ளே நின்ற புருஷன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று ராத்திரி தலைவாரிவிடும்போது மகள் கேட்டாள். "அம்மா, எனக்கு சீட்டு கெடைச்சா நான் எந்தக் கேட்டுல போவேன்?"

சீப்பு ஒரு நிமிஷம் நின்றது. "எதுல வேணா போ. குனியாம போ" என்றாள்.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் அளவைச் சரிபார்க்கக் கல்வி ஆபீசிலிருந்து ஒரு மேடம் சந்துக்கு வந்தார். கையில் குடை, கக்கத்தில் கனமான ஃபைல், முகத்தில் இந்த வாரத்தின் முப்பதாவது பஞ்சாயத்துக்கு வந்திருக்கிற களைப்பு. சேர்க்கைக்குக் கடைசி நாள் வியாழன். மேனேஜரும் கூட வந்திருந்தார். மேனேஜர் வந்ததும் வராததுமாய் அக்காவிடம் கேட்டார்.

"எங்கேயிருந்தும்மா அளந்தே?"

"மீட்டர்ல இருந்து."

"மீட்டர்லயா குடியிருக்கே? வீடு எது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்து முழுவதற்கும் பொதுவாக ஒரே மீட்டர், சந்தின் வாயில் இருக்கிறது. பதினாறு வருஷமாக அவளுக்கு ஒரு வீடு என்றால் அதன் மீட்டர்தான், அங்கேதான் வீடு ஆரம்பிக்கும், அங்கேதான் எண் எழுதுவாள். வேறு யார் அளந்திருந்தாலும் தன் வாசற்படியில்தான் சக்கரத்தை வைத்திருப்பார்கள். இவளுக்கு அது தோன்றவே இல்லை. அவள் வீடோ சந்தின் கடைசி வீடு. ஒரு கிலோமீட்டருக்கு மீதம் இருப்பது ஐம்பத்தொன்பது மீட்டர். சந்தின் நீளத்தை அவள் இதுவரை அளந்ததில்லை.

"தப்பு என்னுதுதான்" என்றாள் மேடத்திடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "முதல்ல இருந்து அளந்துடலாம். வாசப்படியில இருந்து. நீங்க பொட்டியைப் பார்த்துக்கிட்டே வாங்க."

சக்கரம் வாசற்படியில் வைக்கப்பட்டது. பெட்டியில் பூஜ்யம். குடங்கள் ஓரம் போயின, ஒரு பாட்டி பாயோடு எழுந்து வழிவிட்டாள். மேனேஜர் ஒரு தப்படிகூட விட்டுக்கொடுக்கவில்லை. "சுவரை ஒட்டிப் போகாதே, நடுவுல போ. அந்தக் கைவண்டியைச் சுத்திப் போ, தூக்கி வைக்காதே." அக்கா சுற்றிப் போனாள். சந்தின் வாயில், மூடியின் மேல் சக்கரம் ஏறியபோது பெட்டி ஐம்பத்திரண்டு காட்டியது. கூட வந்தவர்கள் விரல்விட்டுக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "மூச்சை அடக்குங்க, இன்னும் பாதை இருக்கு" என்று அதட்டினாள். 

பாலம். மண்பாதை. பட்டறைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்கள். மதிலோரம். சக்கரம் பின்கேட்டின் இரும்பில் முட்டி நின்றது. அக்கா விலகி நின்றாள். இந்தத் தடவை மேடத்தையே படிக்கச் சொன்னாள்.

"தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி மூணு" என்றார் மேடம், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு. கடைசி வீடே உள்ளே வந்துவிட்டதால் பதினொன்றும் உள்ளே.

"ஆனா இது கேட்டே இல்ல மேடம்" என்றார் மேனேஜர். "சர்வீஸ் வழி. குப்பை வண்டிக்கு வச்சிருக்கோம்."

அப்போது குட்டிக் கதவுக்கு உள்ளே துடைப்பத்தோடு இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதே சந்து. அக்கா அவர்களைக் கைகாட்டினாள்.

"இவங்க குப்பையா சார்? காலையில ஆறு மணிக்கு இந்த வழியாத்தானே வரச் சொல்றீங்க? கழுவ வரும்போது பக்கத்துல இருக்கிற ஸ்கூலு, படிக்க வரும்போது மட்டும் தூரமாப் போயிடுதா?"

மேனேஜர் முகம் சிவந்தது. மேடம் ஃபைலைப் பிரித்துக் கையில் ஏந்திக்கொண்டு எழுத ஆரம்பித்தார். "பள்ளிக்கு வரும் ஆட்கள் தினமும் பயன்படுத்தும் வாசல்" என்று அவர் எழுதுவதை முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். எழுதி முடித்து நிமிர்ந்தார்.

"ரெண்டு கையெழுத்து வேணும். பெத்தவங்க சார்புல ஒண்ணு, ஸ்கூல் சார்புல ஒண்ணு."

அக்கா முதல் ஆளாகப் போட்டாள். "நான் போட மாட்டேன்" என்றார் மேனேஜர். "எங்க ஆபீஸ்ல யாரும் போட மாட்டாங்க."

"நான் அளந்ததைக் கண்ணால பார்த்தீங்களே சார்!"

"பார்த்தேன். போட மாட்டேன்."

மேடம் குடையைக் கையில் எடுத்தார். "நான் என்னம்மா பண்றது? ஒரு கையெழுத்தோட போனா மேல நிக்காது. 'பள்ளி ஏற்கவில்லை'ன்னு மூடிடுவாங்க. நாளையோட தேதியும் முடியுது." கொஞ்சம் நிறுத்தி, யாரையும் பார்க்காமல் சொன்னார். "பெரிய ஆளுங்கதான் போடணும்னு விதியில இல்ல. ஸ்கூல்ல சம்பளம் வாங்குற யார் போட்டாலும் போதும்."

எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. குட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் நின்றிருந்தான். துடைப்பத்தோடு நின்ற பெண்கள் ஓர் அடி பின்னால் போனார்கள். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கும் இதே சம்பளம்தான்.

"டேய், நீ உள்ள போ" என்றார் மேனேஜர்.

யாரையும் முகத்துக்கு நேரே பார்த்துப் பேசுகிற அக்கா, அந்த நேரத்தில் புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அவன் தனக்காகப் போட்டுவிடுவான் என்று பயந்தாள். கூப்பிடவும் இல்லை. சக்கரத்தின் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டு வாடகை, அரிசி, அவன் குரல் உடைந்தது எல்லாம் வரிசையாக வந்து போயின. போடாவிட்டாலும் அவனை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. மேல் தாழ்ப்பாள், அப்புறம் கீழ்த் தாழ்ப்பாள். அவன் குட்டிக் கதவை விட்டுவிட்டு, குப்பை லாரிக்குத் திறக்கிற இரண்டு பெரிய கதவுகளையும் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தான். தலையிலிருந்த வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றி, இனி அது தன்னுடையதில்லை என்பதுபோல, கேட்டோரம் அவன் உட்காருகிற ஸ்டூலின் மேல் வைத்தான். மேடத்திடம் பேனாவை வாங்கினான். பதினோரு வருஷத்தில் பள்ளியில் ஒருவரும் கேட்டறியாத தன் முழுப் பெயரை, இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாக எழுதினான்.

"உனக்கு இன்னியோட..." என்று ஆரம்பித்தார் மேனேஜர்.

அக்கா குறுக்கே நடந்து போனாள். ஸ்டூலில் இருந்த தொப்பியை எடுத்தாள். இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறினாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதைப் புருஷனின் தலையில் வைத்து, நெற்றிக்கு நேராக வருகிற மாதிரி இழுத்துச் சரிசெய்தாள்.